கூனனுக்கு அடியில்

விண்டர்தூர், 9 அக்டோபர் 1988

எர்மெஸ்,

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. வரும் 14ஆம் தேதி உனக்கு முப்பத்தேழு வயது முடிகிறது. வாழ்த்து. அது ஆயிற்று.

போன மாதம் 24ஆம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு நான் நம் ஊர்ப் பேராலயச் சதுக்கத்தில் நின்றிருந்தேன். எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் ஏற்பாடு செய்த பேருந்தில் வந்தேன். முப்பத்தோரு பேர். கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையில் துணி கட்டியிருந்தேன். பேராலயத்தைத் திறந்து மூடிப் பராமரிக்கும் கோயில்பிள்ளையே சுற்றிக்காட்டுவார் என்று சொன்னார்கள். நீ வந்தாய். உன் ஜெர்மன் மோசமில்லை.

முகமண்டபத்துக்கு வந்ததும் இடதுபக்கத் தூணுக்கு அடியில் இருக்கும் கற்சிலையைக் காட்டிச் சொன்னாய்: "இவருதான் எங்க ஊர்க் கூனன். எண்ணூறு வருஷமா தூணைத் தோள்ல வச்சுக்கிட்டு குந்தியிருக்காரு. ஒரு நாள் லீவு கேட்டதில்ல. எங்க நகராட்சி ஆளுங்க இவர்கிட்டதான் பாடம் படிக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அதிர்ஷ்டத்துக்காக ஒவ்வொருத்தியாகக் கூனைத் தடவினார்கள். நானும் தடவினேன். அங்கிருந்து கையை இடுப்புக்கு இறக்கி, சுவரை ஒட்டிய இடது விலாவில் விரலை விட்டுப் பார்த்தேன்.

அங்கே ஆர் என்ற ரோமன் எழுத்தும் 1951 என்ற ஆண்டும் இருக்க வேண்டும். பழுதுபார்க்கும்போது வைக்கிற ஒவ்வொரு புதுக் கல்லிலும் அதை வெட்ட வேண்டும் என்பது விதி. அப்பா விதியை மீறாதவர். பழைய கூனன் 1945இல் குண்டு விழுந்து தூளானான். ஆறு வருடம் மண்டபத்தைப் பலகை அடித்து மூடிவைத்திருந்தார்கள். அப்பா வெரோனாச் சிவப்புக் கல்லில் புதுக் கூனனை வெட்டினார். குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் சங்கிலி போட்டு ஏற்றினார்கள். எனக்கு எட்டு வயது. ஒலிவக் கிளைகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எழுத்தை என் விரலைப் பிடித்துத் தடவ வைத்தவர் அப்பா.

இப்போது அங்கே வழவழப்பாக இருக்கிறது. சுண்ணாம்பில் செங்கல் தூளைக் கலந்து யாரோ பூசியிருக்கிறார்கள். நான் நெசவு இயந்திர உதிரிகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். என் விரல் தவறாது.

பூசியது நீயா? ஆம் அல்லது இல்லை. கல்லறைத் திருநாளுக்குள் பதில் வராவிட்டால் பழம்பொருள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதுவேன்.

நொவேல்லா


வால்மிரானோ, 20 அக்டோபர் 1988

அக்கா,

நீ பேருந்திலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன். கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அம்மா, அவள் கல்லறையில் இருக்கிறாள். நீயாக வந்து "எர்மெஸ்" என்று கூப்பிடுவாய் என்று ஞானஸ்நான மண்டபம்வரை காத்திருந்தேன். நீ அஞ்சலட்டை வாங்கப் போய்விட்டாய்.

ஆம். நான்தான் பூசினேன். 1976, மார்ச். கோயில்பிள்ளை வேலைக்கு மூன்று பேர் மனு போட்டிருந்தோம். பேராலயப் பாதிரியார் தோன் எஜிதியோ என்னைக் கூப்பிட்டு, "வேலை உனக்குத்தான். மாடி வீடும் உனக்குத்தான். சின்னதா ஒரு மேஸ்திரி வேலை பாக்கியிருக்கு" என்றார்.

"என்ன சாமி?"

"கூனன் விலாவுல ஒரு கீறல் இருக்கு. மழைத்தண்ணி இறங்குது."

அங்கே மழை படாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வருடம்தான் ஒரு பேராசிரியர் கூனனின் முகத்தைப் பற்றி மட்டும் ஒன்பது பக்கம் எழுதியிருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டு, பெயர் தெரியாத பெருங்கலைஞர், வலியை இப்படிச் செதுக்கியவர் வேறு யாருமில்லை என்று. ஊரில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டே புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தார்கள்.

யோசித்துப் பார். ஓர் ஆள் வெட்டிய கல்லை எண்ணூறு வருடத்துப் பழையது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இதைவிடப் பெரிய பாராட்டை அப்பாவுக்கு நீ எங்கிருந்து வாங்கித் தருவாய்? ஒரு நாளைக்கு நாற்பது பேர் அவர் வேலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். பரீட்சை எழுதுகிறவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், லாட்டரிச் சீட்டு வாங்கியவர்கள்.

இன்னொன்று. அம்மா தன் கடைசி மூன்று குளிர்காலத்தைச் சுவருக்குள் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டில் கழித்தாள். அந்த வீட்டைக் கொடுத்தது அந்தப் பூச்சு. நீ விண்டர்தூரிலிருந்து சாக்லேட் அனுப்பினாய்.

அலுவலகத்துக்கு எழுதாதே. எனக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் எனக்காகவும்தான்.

எர்மெஸ்


விண்டர்தூர், 6 நவம்பர் 1988

எர்மெஸ்,

உன் பதிலைப் படித்த பிறகுதான் அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பினேன். 3ஆம் தேதி, பதிவுத் தபாலில்.

அம்மாவை இழுக்காதே. அப்பா இறந்தபோது உனக்கு ஒன்பது வயது நிறையவில்லை. எனக்குப் பதினேழு. கடைசி இரண்டு வருடம் அவர் படுத்துத் தூங்கவில்லை. மூச்சு வாங்கும் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். நுரையீரல் முழுக்கக் கல்தூசி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அம்மா அந்தச் சீட்டைப் பேராலயத் திருப்பணிக் குழுவிடம் கொண்டுபோனாள். பதில் வந்தது. அம்மாவுக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது. நான்தான் சத்தமாகப் படித்தேன்: "எங்கள் பதிவேட்டின்படி ஒனெல்யோ பிகாரெல்லி 1946 முதல் 1953 வரை சுமை தூக்குபவராக மட்டுமே பணிபுரிந்தார். கல் வெட்டும் வேலை எதுவும் அவருக்கு ஒப்படைக்கப்படவில்லை. மேற்படி நோய் புகைப்பழக்கத்தால் வந்திருக்கலாம்." அப்பா சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை.

அம்மாவின் அடக்கச் சாப்பாட்டில் தோன் எஜிதியோ என்ன சொன்னார் என்பது உனக்கு நினைவிருக்கும். "ஒனெல்யோ நல்ல உழைப்பாளிம்மா. எவ்வளவு கனமானாலும் அசராம தூக்குவான்." நான் எழுந்து, "அவரு தூக்கல சாமி, வெட்டினாரு. உங்க வாசல்ல குந்தியிருக்கே, அதை வெட்டினாரு" என்றேன். நீ என்ன செய்தாய்? அவர் பின்னாலேயே வாசல்வரை போனாய். எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னாய்: "அக்கா வெளிநாட்டுல தனியா இருந்து இருந்து ஒரு மாதிரி ஆயிட்டா, சாமி. மனசுல வச்சுக்காதீங்க." எனக்குக் கேட்டது.

பெயர் தெரியாத பெருங்கலைஞர் என்பது பாராட்டு இல்லை. அவருக்குப் பெயர் இருந்தது. நான் கேட்பது ஒரே ஒரு வரி. மண்டபத்து அறிவிப்புப் பலகையில்: ஒனெல்யோ பிகாரெல்லி வெட்டியது, 1951.

சாக்லேட் அனுப்பினேன். வேறு எதுவும் வேண்டாம் என்று அம்மாதான் எழுதச் சொன்னாள். அந்தக் கடிதத்தில் இருந்தது உன் கையெழுத்து.

நொவேல்லா


வால்மிரானோ, 12 பிப்ரவரி 1989

அக்கா,

உன் ஆட்கள் வந்துபோனார்கள். கெரார்தி என்று ஒரு பெண் நிபுணர், முப்பது வயதுதான் இருக்கும், கூடவே படம் எடுக்க இரண்டு பேர். மூடுபனியில் எதிரில் மணிக்கோபுரமே தெரியவில்லை. அவர்கள் விளக்கைப் போட்டு விலாவைப் பார்த்தார்கள். கெரார்தி ஒரு சின்னக் கத்தியால் சுரண்டினார். கால் மணி நேரத்தில் ஆர் வந்தது, பிறகு 1951 வந்தது. "பூசுனவருக்கு நல்ல கை" என்றார். நான் நன்றி சொல்லவில்லை.

முடிவு போன திங்கட்கிழமை வந்தது. நகலை அசல் என்று காட்டி மக்களை ஏமாற்றக் கூடாதாம். கூனனை இறக்கிக் கிடங்குக்கு அனுப்புகிறார்கள். தூணுக்கு அடியில் முகம் கை கால் எதுவும் இல்லாத ஒரு சதுரக் கல்லை வைப்பார்கள். அதற்கு நேர்மையான கல் என்று பெயர்.

நீ கேட்ட வரி? பதிவேட்டைப் பார்த்தார்கள். 1951இல் அப்பா பெயருக்கு நேராகச் சுமை தூக்குபவர் என்று இருக்கிறது. அதனால் பலகையில் வரப்போவது: "இருபதாம் நூற்றாண்டு நகல் அகற்றப்பட்டது. செய்தவர் தெரியவில்லை." போன மாதம்வரை அப்பா பெயர் தெரியாத பெருங்கலைஞராக இருந்தார். இப்போது பெயர் மட்டும்தான் தெரியவில்லை. கலைஞர் போய்விட்டார்.

சதுக்கத்து பாரில் நெல்லோ என்னைப் பார்த்ததும், "வா எர்மெஸ், சட்டையைக் கழட்டிக் காட்டு, நீ எந்த வருஷத்து நகல்னு பாப்போம்" என்கிறான். வியாழக்கிழமைச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறவள் எனக்கு நேராக, "பத்து வருஷமா ஒரு கூனை தடவுனேன், எம் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகல. இப்பத்தான காரணம் தெரியுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவர்களுக்குத் தெரியாதது போல.

தோன் எஜிதியோவிடம் போனேன். எண்பத்தொரு வயது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சாமி, மழைத்தண்ணி விஷயத்தை நீங்க சொல்லணும்" என்றேன். "மழைத்தண்ணியா? அதை நீதானேப்பா வந்து சொன்ன?" என்றார். ஜூன் மாதம்வரை வேலையில் இருக்கலாம், பிறகு பார்ப்போம் என்று திருப்பணிக் குழு சொல்லியிருக்கிறது. வேலையோடு வீடும் போகும்.

உனக்குத் திருப்தியா?

எர்மெஸ்


விண்டர்தூர், 26 பிப்ரவரி 1989

எர்மெஸ்,

திருப்தி இல்லை. அகற்றச் சொல்லி நான் எழுதவில்லை. இரண்டு பக்கக் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. நகல் என்னிடம் இருக்கிறது.

ஆனால் இறக்குவதால் ஒரு நன்மை இருக்கிறது. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏற்றுவதற்கு முந்தைய வாரம், மதியச் சாப்பாட்டைக் கொடுக்கப் பட்டறைக்குப் போயிருந்தேன். அப்பா கூனனை மல்லாத்திப் போட்டு, அடிப்பக்கத்தில் ஏதோ வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சாக்குத் துணியைப் போட்டு மூடினார். "என்னப்பா அது?" என்றேன். "பேரு" என்றார். "பேரு வெட்டக் கூடாதுன்னு விதியாச்சேப்பா?" "வெளியில தெரியிற மாதிரிதான் வெட்டக் கூடாது. அடியில கிடக்கட்டும். தூக்கிப் பார்க்கிறவனுக்குத் தெரியும்."

அவர் மீறிய ஒரே விதி அது. முப்பத்தெட்டு வருடமாக அவர் பெயர் அந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது. இப்போது தூக்கிப் பார்க்கப்போகிறார்கள். பதிவேடு பொய் என்று கல்லே சொல்லும்.

கெரார்திக்கும் எழுதிவிட்டேன். இறக்கும் நாளில் நீ அங்கே நில். இதை மட்டும் அப்பாவுக்காகச் செய்.

நொவேல்லா


வால்மிரானோ, 11 ஏப்ரல் 1989

அக்கா,

4ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை இறக்கினார்கள். தூணுக்கு இரும்பு முட்டு கொடுத்து, பதினொன்றரை மணிக்குக் கூனனை வெளியே இழுத்தார்கள். நான் அங்கேயே நின்றிருந்தேன். கெரார்தி மூன்று மணிக்கு வந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். பழைய சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. "எழுத்து எதுவும் இல்லை" என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார். உன் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பெட்டியில் வைத்து ஆணி அடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். கிடங்கில் பெட்டி எண் 212.

எர்மெஸ்


விண்டர்தூர், 23 ஏப்ரல் 1989

எர்மெஸ்,

கெரார்தியின் அறிக்கையும் வந்தது. உன் கடிதத்தில் இருப்பதேதான்.

ஆக, அப்பா என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். சாக்குத் துணிக்கு அடியில் ஒன்றுமே இல்லை. ஒரு குழந்தையைச் சமாளிக்க வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

பத்தொன்பது வயதில் இங்கே வந்து இறங்கியபோது, எல்லையில் என் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். அரை மணி நேரம் குளிரில் வரிசையில் நின்றேன். அப்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தப் பெயரைத்தான். யாருக்கும் தெரியாமல் ஒரு தூணைத் தாங்கிக்கொண்டு எங்கள் பெயர் அங்கே இருக்கிறது என்று. அதற்குப் பிறகும் பல நாள் அப்படி நினைத்திருக்கிறேன்.

நீ சொன்னதுதான் சரி. விட்டிருக்க வேண்டும். உன் வேலையைக் கெடுத்ததற்கு வருந்துகிறேன். இனி எழுத எதுவும் இல்லை.

நொவேல்லா


வால்மிரானோ, 28 மே 1989

அக்கா,

உன் கடிதத்தை ஒரு மாதமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

அப்பா பொய் சொல்லவில்லை. அடியில் பெயர் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வேலையாட்கள் சாப்பிடப் போனார்கள். கூனன் மணல் மூட்டைகள் மேல் பக்கவாட்டில் கிடந்தான். நான் மட்டும்தான் இருந்தேன். முட்டி போட்டுப் பார்த்தேன். விரல் கனத்தில், அழகான எழுத்தில், நொவேல்லா என்று இருந்தது. அதன்கீழ் 1951. அவ்வளவுதான். ஒனெல்யோ இல்லை. பிகாரெல்லி இல்லை. எர்மெஸ் இல்லை.

எனக்கு ஐந்து ஆறு வயது இருக்கும்போது, ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் அப்பாவிடம் கேட்டேன்: "இதை நீங்கதான் செஞ்சீங்களாமே, உங்க பேரு எங்கப்பா?" "அடியில இருக்குடா." "என் பேரு?" "உன் பேரும்தான் இருக்கு." பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதெல்லாம் கூனனின் காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவேன். என் பெயர் மேல் உட்கார்ந்திருக்கிறான் என்று. கோயில்பிள்ளை ஆன பிறகும், காலையில் கதவைத் திறக்கும்போது, யாரும் பார்க்காவிட்டால் தட்டுவேன். அவர் அந்த ஆண்டை வெட்டியிருக்கிறார், அக்கா. 1951. நான் பிறந்த ஆண்டு. அதை வெட்டிவிட்டு அதன்மேல் உன் பெயரை வைத்திருக்கிறார். நீ இந்த ஊரைவிட்டுப் போனாய். நான் முப்பத்தேழு வருடமாக அந்தக் கல்லைக் காவல் காத்திருக்கிறேன்.

மண்டபத்து மூலையில் வாளியில் சுண்ணாம்பு குழைத்து வைத்திருந்தார்கள். செங்கல் தூள் எங்கே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதே கரண்டிதான். இருபது நிமிடம் ஆனது. கெரார்தி வருவதற்குள் காய்ந்துவிட்டது. நல்ல கை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நொவேல்லா என்ற பெயரும், ஒனெல்யோவுக்கு அந்தப் பெயரில் மகள் என்ற திருமுழுக்குப் பதிவும் கெரார்திக்குப் போதுமாக இருந்திருக்கும். மூடும்போதே அது எனக்குத் தெரியும்.

குழு நேற்று சொல்லிவிட்டது. வேலை நிரந்தரம், வீடும் எனக்கே. விலாவில் பூசியது யார் என்று தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

எர்மெஸ்


விண்டர்தூர், 11 ஜூன் 1989

எர்மெஸ்,

என் பெயர் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அவருடைய பெயர் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் முதல் கடிதத்தை எடுத்துப் பார். கல்லை ஏற்றிய நாளை எழுதியிருக்கிறேன். குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள். அந்த ஆண்டு அது மார்ச் 17. பெயரை வெட்டியது அதற்கு முந்தைய வாரம். நீ பிறந்தது அக்டோபர் 14.

எண்ணிப் பார். அந்த வாரத்தில் நீ இருக்கிறாய் என்று அம்மாவுக்கே சந்தேகம் மட்டும்தான். அப்பாவிடம் சொன்னதே கல் ஏறி எட்டு நாள் கழித்து, பாஸ்கா ஞாயிறு விருந்து அன்றுதான். நான் மேசையில் இருந்தேன். தட்டில் இருந்த பரங்கிக்காய்த் தோர்தெல்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அம்மாவிடம் கேட்டார். எதற்காகக் கேட்டார் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் தூண் ஏறிவிட்டது.

அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. உன்னிடம் ஒரு பொய் சொன்னார். உனக்கு ஐந்து வயது என்பதால் சொன்னார். அதற்காக நீ அவரை இரண்டாம் முறையாகப் பூசி மூடியிருக்கிறாய். முதல்முறைக்காவது ஒரு வீடு கிடைத்தது.

நான் யாருக்கும் எழுதப்போவதில்லை. பெட்டியின் எண்ணை நீயே எனக்கு எழுதியிருக்கிறாய். சுண்ணாம்பைச் சுரண்டினால் எழுத்து அப்படியே இருக்கும், அது உனக்குத் தெரியும். எழுதுவதானால் அலுவலகத்துக்கு எழுது. எனக்கு எழுதாதே.

நொவேல்லா